மாவுக்கட்டிலிருந்து துணிக்கட்டுக்கு: குழந்தைகளின் மணிக்கட்டு முறிவுச் சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

ஓடுகிற குழந்தை தடுக்கி விழும்போது கையை ஊன்றிக்கொள்கிறது. விழுந்த வேகம் முழுவதும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கத்து ஆர எலும்பில் இறங்குகிறது. அங்கே எலும்பு இரண்டாகாமல், அதன் புறச்சுவர் மட்டும் நசுங்கிப் புடைப்பதை டோரஸ் முறிவு அல்லது பக்கிள் முறிவு என்கின்றனர். இதற்கும் நெடுங்காலம் மாவுக்கட்டே போடப்பட்டது. இன்று துணிக்கட்டே போதும் என்று நிறுவப்பட்டுள்ளது. முறிவின் வகையைப் பிரித்துக் காட்டும் கருவியான எக்ஸ்ரே 1896இலேயே மருத்துவர் கைக்கு வந்துவிட்டது. வகைக்கேற்பச் சிகிச்சையைக் குறைக்க மேலும் நூறாண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தின் காரணங்களையே இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்களத்தில் பிறந்த கட்டு

டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் மணிக்கட்டு முறிவை விவரித்தபோது கண்ணும் கையுமே அவருக்குக் கருவிகள். நெதர்லாந்தின் இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசன் 1851இல் ஜிப்சம் தூள் தேய்த்த துணியை நனைத்துச் சுற்றும் மாவுக்கட்டு முறையை உருவாக்கினார். ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் பிரகோவ் கிரிமியப் போரில் மாவுக்கட்டைப் பரவலாகப் பயன்படுத்தினார். எலும்பு நொறுங்கிய வீரரை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல அந்த இறுக்கம் தேவைப்பட்டது.

அதன் ஆபத்தும் விரைவிலேயே தெரிந்தது. அளவுமீறி இறுகிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் கைத்தசைகளைச் சுருங்கவைப்பதை ஜெர்மானியரான ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881இல் விளக்கினார். ஆயினும், எந்த முறிவுக்கு இந்தக் கட்டு தேவையே இல்லை என்ற கேள்வி அன்று எழவில்லை.

எக்ஸ்ரே காட்டியது

ஜெர்மானிய இயற்பியலாளர் ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1896 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், பனிச்சறுக்கில் விழுந்த 14 வயதுச் சிறுவனின் முன்கை முறிவு படமெடுக்கப்பட்டது. அந்நாட்டில் மருத்துவத் தேவைக்காக எடுக்கப்பட்ட முதல் எக்ஸ்ரேக்களில் அது ஒன்று.

அதுவரை சுளுக்கு என்று கருதப்பட்டு, தானே ஆறிய பல காயங்கள் இனி படத்தில் முறிவாகத் தெரிந்தன. முறிவு என்று பெயர் வந்ததும் மாவுக்கட்டும் கூடவே வந்தது. நோயறியும் திறன் வளர்ந்ததால் சிகிச்சையும் தேவைக்குமேல் வளர்ந்த நிலை இது.

வளரும் எலும்பின் இயல்பு

குழந்தையின் எலும்பு பச்சை மிளாறு போல வளையக்கூடியது. அதைப் போர்த்திய உறை தடிப்பானது. பக்கிள் முறிவில் அந்த உறை பெரும்பாலும் கிழியாமல் நின்று எலும்பை இடம்பெயர விடாமல் காக்கிறது. ஆர எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மணிக்கட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டில் நிகழ்வதால், சிறு கோணலை எலும்பே காலப்போக்கில் நிமிர்த்திக்கொள்ளும். 1955இல் வால்டர் பிளவுன்ட் எழுதிய குழந்தை முறிவுகள் பற்றிய நூலும், 1963இல் சால்டர், ஹாரிஸ் இருவரும் வகுத்த வளர்ச்சித் தட்டுக் காயங்களின் வகைப்பாடும் குழந்தைக்கெனத் தனி அளவுகோல் தேவை என்பதை உறுதிப்படுத்தின.

சோதனைகள் தந்த விடை

கோட்பாடு தெளிந்த பின்னரும் வழக்கம் மாறவில்லை. பெற்றோரின் அச்சமும், எதையாவது தவறவிட்டோமோ என்ற மருத்துவரின் தயக்கமும் அதற்குக் காரணங்கள். ஒப்பீட்டுச் சோதனைகளே வழி திறந்தன. 2001இல் லிவர்பூல் மருத்துவர்கள் 201 குழந்தைகளிடம் மாவுக்கட்டையும் கழற்றி மாட்டும் மணிக்கட்டுப் பட்டையையும் ஒப்பிட்டனர். பட்டை போதுமானதாக இருந்தது. கனடாவின் ஒட்டாவாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், பட்டை அணிந்த குழந்தைகள் அன்றாடச் செயல்களை எளிதாகச் செய்தனர். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016இல் இம்முறிவுக்கு இறுக்கமான மாவுக்கட்டு வேண்டாம் என்றே வழிகாட்டியது.

2022இல் லான்செட் இதழில் வெளியான ஃபோர்ஸ் ஆய்வு பிரிட்டனின் 23 அவசரப் பிரிவுகளில், 4 முதல் 15 வயது வரையிலான 965 குழந்தைகளிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்குத் துணிக்கட்டைத் தந்து, மறுவருகை இன்றி வீட்டுக்கு அனுப்பினர். மறுபிரிவினரின் கையை அசையாதபடி கட்டி நிறுத்தினர். மூன்றாம் நாள் வலி, பத்துக்கு முறையே 3.21, 3.14. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆறு வாரம் வரை தொடர்ந்து கவனித்தபோதும் கையின் செயல்திறனில் இரு பிரிவினரும் சமமாகவே இருந்தனர்.

எல்லைகள்

இம்முடிவு எல்லா முறிவுகளுக்கும் பொருந்தாது. புறச்சுவரின் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்த முறிவு, முன்கையின் இரு எலும்புகளும் முழுதாக முறிந்த நிலை, இடம்பெயர்ந்த முறிவு, வளர்ச்சித் தட்டுக் காயம் ஆகியவற்றுக்கு மாவுக்கட்டோ அறுவையோ தேவைப்படலாம். எனவே எக்ஸ்ரேயைத் தேர்ந்த கண் பார்த்து வகைபிரிப்பது இன்றியமையாதது.

முடிவுரை

இவ்வரலாற்றில் புதிய மருந்தோ கருவியோ வெற்றிபெறவில்லை. பழைய பழக்கம் ஒன்று சோதனைக்கு உட்பட்டு விலகியது. ஒரு சிகிச்சையைச் சேர்க்கக் கேட்கும் சான்றைப் போலவே, தொடர்வதற்கும் சான்று கேட்க வேண்டும். மறுவருகைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் பெற்றோருக்கும், கோடையில் வாரக்கணக்கில் மாவுக்கட்டைச் சுமக்கும் குழந்தைக்கும் அந்தக் கேள்வி உடனடிப் பயன் தரும்.