கையடக்க அலைவுகாட்டியும் அதன் வயிறும்

என் தங்கை பேரன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் செல்போனைவிடச் சற்றுத் தடித்த ஒரு ஆசிலாஸ்கோப் வாங்கினான். அட்டைப்பெட்டி மேல் 100 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, திருப்புளியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். அவர்கள் வீட்டில் பிரித்தால் அம்மா திட்டுவாளாம்.

"தாத்தா, இது சொல்ற கணக்கு சரியா வரல. உள்ள பாக்கணும்" என்றான்.

எனக்கு இந்தக் கருவி புதிதல்ல. பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பௌதிகப் புத்தகத்தில் 'ஒஸிலோகிராஃப்' என்று ஒரு படம் இருந்தது. பக்கத்தில் பிளோண்டெல் என்று பெயர். பரீட்சைக்கு அந்தப் பெயரை நெட்டுருப் போட்டதோடு சரி. அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஆந்த்ரே பிளோண்டெல் (1863-1938) பிரான்சின் கலங்கரை விளக்கத் துறையில் எஞ்சினீயர். மாறுமின்னோட்டம் அப்போதுதான் பரவிவந்தது. அது நொடிக்குப் பலமுறை திசை மாறுகிறது என்று தெரியுமே தவிர, எந்த வடிவத்தில் ஏறி இறங்குகிறது என்று யாரும் நேரில் பார்த்ததில்லை. அதற்காக 1893-ல் அவர் ஒரு கருவி செய்தார். காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் ஒரு துளிக் கண்ணாடியை ஒட்டினார். மின்சாரம் பாய்ந்ததும் கண்ணாடி திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஓடும் படச்சுருளில் கோடு போடும். கால்கள் செயலிழந்து 27 ஆண்டுகள் தம் அறையை விட்டு வெளியே வரமுடியாமல் இருந்தவர் அவர். அத்தனை ஆண்டும் வேலையை நிறுத்தவில்லை. வெளிச்சத்தை அளக்க இன்று பல்பு அட்டையில் அச்சிடுகிறார்களே 'லூமென்', அந்த அலகை முன்மொழிந்தவரும் அவரே.

கண்ணாடி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதற்கு எடை உண்டு. வேகம் கூடினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. இந்தத் தடையை உடைத்தவர் ஃபெர்டினாண்ட் பிரவுன். 1897-ல், அப்போது ஜெர்மானியர் வசம் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், கண்ணாடிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையையே ஆட வைத்தார். பழைய டெலிவிஷன் குழாய்க்கு மூலம் அதுதான்.

இவற்றைவிட என்னை வியக்க வைத்தது இன்னொரு பிரெஞ்சுக் கருவி. ஒஸ்பிதாலியே என்பவர் செய்த 'ஒந்தோகிராஃப்'. அவர் அலை முழுவதையும் பிடிக்க முயலவில்லை. நூறு அலைக்கு ஒருமுறை, ஒரு புள்ளியில் மட்டும் மின்தேக்கியை நிரப்பி அளந்துகொண்டார். அடுத்த முறை சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி. இப்படிப் பொறுக்கிய புள்ளிகளைச் சேர்த்தால் அலையின் உருவம் வந்துவிடும். பேரனிடம் சொன்னேன். "அட, இது சாம்பிளிங்தானே தாத்தா! இந்தப் பெட்டியும் புள்ளி பொறுக்குதுதான்" என்றான்.

பிறகு 1947-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 511 என்ற மாடலை விற்கத் தொடங்கியது. ஓடும் அலையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து வரையத் தொடங்கி, திரையில் அசையாமல் நிறுத்தும் 'டிரிகர்' வசதி அதில் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஃப்ளூக், பிலிப்ஸ் பெயரில் கையில் பிடிக்கும் ஸ்கோப்மீட்டர் வந்தது. 2010 வாக்கில் ஷென்ஜென் நகர் சீட் ஸ்டூடியோ விற்ற டி.எஸ்.ஓ. நானோ சட்டைப்பைக்குள் போகும். அதன் சர்க்யூட் படத்தையும் ஃபர்ம்வேரையும் வெளிப்படையாகவே கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். கருவிக்கு உள்ளேயே எழுதி வைத்த உத்தரவு. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், நிலையாணை. சிப்புகள் குமாஸ்தாக்கள். ஆணையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்வார்கள்.

பேரன் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்ளே தகரமூடி போட்ட ஒரு பகுதி. வரும் சிக்னலை அளவாகக் குறைத்துக் கொடுக்கும் இடம் அது. அடுத்து, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப். அதன் மேலிருந்த எழுத்தை வேண்டுமென்றே சுரண்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஃபைலில் ஒரு வரியைச் சுரண்டியிருந்தால் அந்த வரியைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்பது முப்பது வருஷப் பழக்கம்.

ஓரத்தில் எட்டுக்கால் சிப் ஒன்று. ஃபர்ம்வேர் அதில்தான் இருக்கிறது என்றான். ஒரு கிளிப்பை அதன்மேல் கவ்வவிட்டு, லேப்டாப்பில் முழுவதையும் நகல் எடுத்துக்கொண்டான். திரையில் ஓடிய எண்களுக்கு நடுவே இரண்டு மாடல் பெயர்கள் தெரிந்தன. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

காரணம் ஒரு பழைய கதை. ரிகோல் நிறுவனம் 50 மெகாஹெர்ட்ஸுக்கு டி.எஸ்.1052இ என்றும், 100-க்கு டி.எஸ்.1102இ என்றும் இரண்டு மேஜை ஸ்கோப்புகளை இரண்டு விலைக்கு விற்றது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே போர்டுதான் என்று 2010-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். ஃபர்ம்வேர் மாடல் பெயரைப் பார்த்து, மலிவான கருவியின் வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தது. கம்ப்யூட்டரை இணைத்துப் பெயரை மாற்றினால் 50 என்பது 100 ஆகிவிடும். ஆஸ்திரேலிய எஞ்சினீயர் டேவ் ஜோன்ஸ் அதைப் பிரித்துக் காட்டியபோது இன்னொன்றும் தெரியவந்தது. நொடிக்கு 4 கோடிப் புள்ளி என்று குறிக்கப்பட்ட சிப்பை 10 கோடிக்கு ஓட்டியிருந்தார்கள். ஐந்து சிப், ஒவ்வொன்றிலும் இரண்டு மாற்றி, ஆக நூறு கோடி. விலையைக் குறைக்கச் செய்த சாமர்த்தியம். நான் அதைக் குற்றம் சொல்லமாட்டேன், வேலை செய்ததல்லவா!

நம் பெட்டியிலும் அப்படி ஒரு பூட்டு இருக்கும், திறந்துவிடலாம் என்று பேரன் நம்பினான். இரண்டு நாள் பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தான். திரையில் பெயர் மாறியது, வேறொன்றும் மாறவில்லை.

கடைசியில் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அளந்தான். தெரிந்த உயரமுள்ள அலையைக் கொடுத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். திரையில் தெரியும் உயரம் எந்த இடத்தில் 70 சதவீதத்துக்கு இறங்குகிறதோ அதுதான் கருவியின் உண்மையான எல்லை. 30 மெகாஹெர்ட்ஸிலேயே இறங்கிவிட்டது. தகரமூடிக்குக் கீழே இருக்கும் மலிவான உறுப்புகளால் அதற்குமேல் முடியாது. ரிகோல் தன்னிடம் இருந்ததை மறைத்தது. இது இல்லாததை அட்டையில் அச்சடித்தது. இருப்பதை மறைத்தால் ஃபர்ம்வேரைத் திருத்தி மீட்கலாம். இல்லாததை எந்த உத்தரவு எழுதி வரவழைப்பது?

திருப்பி அனுப்பலாம் என்றேன். பிரித்துவிட்டதால் எடுக்கமாட்டார்களாம். ஆறு மாதச் சேமிப்பு. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கி, என் மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்தான். பின்பக்கம் அச்சிட்டிருந்த 100-ஐ அடித்துவிட்டு '30' என்று எழுதினான். எங்கள் தெரு ரேடியோ கடைக்காரரின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இப்போது அதை வைத்துத்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான்.