வினாத்தாளை எழுதுபவர் யார்?

பாடசாலையில் வினாத்தாள் தயாரிக்க அமரும்போதெல்லாம் ஓர் உண்மை என் மனத்தில் உறைப்பதுண்டு. மாணவன் எதைக் கற்கவேண்டும், எதைக் கல்லாமல் விடலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வினாத்தாளை எழுதுபவன் கையிலேயே இருக்கின்றது. நாடுகடந்து பல்கலைக் கழகங்கள் செய்துகொள்ளும் கூட்டுறவுகளின் வரலாற்றையும் இவ்வுண்மையின் துணைகொண்டு நோக்குதல் தகும்.

1836இல் சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக் கழகம், 1858ஆம் ஆண்டின் புதிய சாசனத்தின் பின், எங்கே பயின்றவரும் தன் பரீட்சைகளுக்குத் தோற்ற வழிதிறந்தது. கப்பலேறிச் சீமைக்குச் செல்ல வசதியற்றோர்க்கு இது ஒரு வரப்பிரசாதமே. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக் கழகக் கல்லூரி, 1942 வரை இலண்டன் பட்டத்திற்கே மாணவரை ஆயத்தம் செய்தது. விரிவுரை கொழும்பில் நிகழ்ந்தது. வினாத்தாள் இலண்டனில் எழுதப்பட்டது. கற்பிப்பவர் தம் மண்ணைப்பற்றி எவ்வளவு அறிந்திருந்தபோதிலும், பரீட்சகர் கேட்காததைக் கற்பிப்பது மாணவர்க்கு நட்டமாகவே முடிந்தது.

இரண்டாம் உலகப்போர் இம்முறையை அசைத்தது. 1930களில் மேற்கிந்தியத் தீவுகளைக் குலுக்கிய தொழிலாளர் எழுச்சிகளை ஏகாதிபத்தியம் மறக்கவில்லை. விடுதலையைத் தடுக்க இயலாதெனில், ஆட்சியை ஏற்கப்போகும் வகுப்பாவது தன் கல்வியில் வளர்ந்ததாக இருக்கட்டும் என அது எண்ணியது. நீதிபதி சிறில் அஸ்குவித் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 1945இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே நைஜீரியாவின் இபாடனிலும், கோல்ட் கோஸ்டிலும், ஜமேக்காவிலும் 1948இல் பல்கலைக் கழகக் கல்லூரிகள் எழுந்தன. இவை இலண்டனுடன் 'சிறப்புறவு' கொண்டவை. பாடத்திட்டத்தை உள்ளூர் ஆசிரியர் வரைவர். இலண்டன் அதனை ஆராய்ந்து ஏற்கும். வினாத்தாளையும் இரு தரப்பாரும் சேர்ந்தே ஆக்குவர். விடைகளையும் அவ்வாறே திருத்துவர். பட்டம் மட்டும் இலண்டனுடையது.

கொழும்புக் கல்லூரிக்கு வாய்க்காத ஓர் உரிமை இங்கே கிடைத்தது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் இறுதிச் சொல் இலண்டனிடமே இருந்தது. அப்பட்டத்தின் மதிப்பை உலகம் ஏற்றது. அம்மதிப்பைக் காக்கும் பெயரால் துணிவான மாற்றங்கள் தயக்கத்துடனேயே நோக்கப்பட்டன.

எனினும் வரலாறு ஆணைக்குழுக்களின் விருப்பப்படி நடப்பதில்லை. இபாடனின் முதல் மாணவருள் ஒருவர் சினுவா அச்செபே. ஆங்கில இலக்கிய வகுப்பில், நைஜீரியரைப்பற்றி ஜோய்ஸ் கேரி எழுதிய 'மிஸ்டர் ஜோன்சன்' என்னும் நாவல் அம்மாணவர்க்கு முன்வைக்கப்பட்டது. அதிலே தம் மக்களை அவர்கள் காணவில்லை. தம் கதையைத் தாமே உள்ளிருந்து சொல்லவேண்டும் என்ற எண்ணம் அச்செபேக்கு அவ்வாசிப்பிலிருந்து வலுப்பெற்றது. 1958இல் வெளியான அவருடைய முதல் நாவலை நாம் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழிலும் படித்திருக்கிறோம்.

வரலாற்றுத் துறையில் இப்பணியைச் செய்தவர் கென்னத் டிக்கே. 1950இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், பிரித்தானிய அரசின் ஆவணங்களோடு நைஜர் கழிமுக மக்களின் வாய்மொழி மரபுகளையும் சான்றாகக் கொண்டார். அவ்வாய்வு 1956இல் நூலாயிற்று. ஐரோப்பியர் ஆபிரிக்காவில் என்ன செய்தனர் என்ற பழைய வினாவுக்குப் பதிலாக, ஆபிரிக்கர் என்ன செய்தனர் என்ற வினா எழுந்தது. இலண்டனில் கற்ற ஆய்வுமுறையே இலண்டனின் நோக்கை மறுக்கும் படைக்கலமாயிற்று. 1962இல் இபாடன் தனிப் பல்கலைக் கழகமானபோது அதன் உபவேந்தராக விளங்கியவரும் டிக்கேயே.

ஆனால் பட்டம் வழங்கும் உரிமை வந்த அளவில் எல்லாம் வந்துவிடுவதில்லை. நைரோபிக் கல்லூரி இலண்டனின் சிறப்புறவிலிருந்து விலகிச் சில ஆண்டுகளின் பின்னும் அங்கே ஆங்கிலத் துறையே இலக்கியக் கல்வியின் நடுநாயகமாக இருந்தது. அத்துறையை ஒழித்து, ஆபிரிக்க இலக்கியத்தை மையமாகக் கொண்ட துறையை அமைக்குமாறு 1968இல் கூகி வா தியாங்கோ முதலிய மூவர் கோரவேண்டியிருந்தது.

நமது அனுபவமும் இதுவே. இலங்கைப் பல்கலைக் கழகம் 1942இலேயே தன் பட்டத்தைத் தானே வழங்கத் தொடங்கியது. 1943இல் விபுலானந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆயினும் கலைப்பீடத்தில் தமிழும் சிங்களமும் போதனாமொழிகளாக 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. அதேவேளை, கைலாசபதி பேர்மிங்ஹாம் சென்று, கிரேக்க இலக்கிய அறிஞரும் மார்க்சியவாதியுமான ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கிய அவ்வாய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. வினா நம்முடையதாக இருந்தமையால், அக்கூட்டுறவு நமக்கும் உலகுக்கும் பயன்பட்டது.

இன்று கொழும்பில் பிறநாட்டுப் பட்டங்கள் கட்டணத்துக்கு வழங்கப்படுகின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் பெருகுகின்றன. அறிவுக்கு வேலி போடுமாறு நாம் கோரவில்லை. ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் வேளையில், ஆய்வுக்குரிய வினாவை யார் எழுப்புகிறார், எந்த மொழியில் எழுப்புகிறார், விடையின் பயன் எந்த மக்களைச் சேர்கிறது என்று ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டும். இபாடனிலும் நைரோபியிலும் நமக்கு முன்னரே அவ்வாறு கேட்டவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமே.