மெழுகுக் கட்டியும் கரண்டு பில்லும்

1918 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ராணுவ முகாம் ஒன்றில் 21 வயதுச் சிப்பாய் ஒருவர் ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய நுரையீரலில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-லேயே தொடங்கப்பட்ட ராணுவ மருத்துவ அருங்காட்சியகம்.

அதை வெட்டிய மருத்துவருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. மனித ஃப்ளூ வைரஸையே 1933-ல்தான் பிரித்தெடுத்தார்கள். 1997-ல் ஜெஃப்ரி டாபன்பெர்கரின் குழு அந்த மெழுகிலிருந்து 1918 வைரஸின் மரபணுத் துணுக்குகளைப் படித்து வெளியிட்டது. ஏறக்குறைய 80 வருடம் அதைக் காப்பாற்ற என்ன செலவாகியிருக்கும்? ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, பதிவேட்டைத் தூக்கிப் போடாத ஆட்கள். கரண்டு பில் கிடையாது.

இன்றைய திசு வங்கிக்குக் கரண்டுதான் உயிர். ஃபார்மலின் மரபணுவைத் துண்டு துண்டாக உடைத்துவிடும் என்பதால், எடுத்த உடனே உறையவைத்து மைனஸ் 80-ல் வைக்கிறார்கள். நான் எஞ்சினியர், எனக்கு அந்தப் பெட்டிதான் முதலில் கண்ணில் படும். உள்ளே இரண்டு கம்ப்ரஸர். ஒன்று இழுக்கும் சூட்டை இன்னொன்று வாங்கி வெளியே தள்ளும். பழைய பெட்டி ஒன்று ஒரு நாளைக்கு 20 யூனிட் வரை குடிக்கும், ஒரு சின்ன வீட்டுக்கு ஆகிற கரண்டு. எங்கள் ஜெலுத்தோங் வெக்கையில் அது கக்கும் சூட்டைத் தணிக்க அறைக்குத் தனியாக ஏர்கான் வேணும். கரண்டு போனால் ஜெனரேட்டர். பெட்டி கெட்டால் மாற்றிவைக்க இன்னொரு பெட்டி, எப்போதும் காலியாக. 10, 15 வருடத்தில் எல்லாம் புதுசு வாங்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் போகலாம். 2012-ல் ஹார்வர்ட் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோனது. வெளியே மைனஸ் 79 என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே 7 டிகிரி. அலாரம் அடிக்கவில்லை. ஏறக்குறைய 150 மூளைகள் பாதிக்கப்பட்டன, அதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டிசம் ஆய்வுக்காகக் குடும்பங்கள் கொடுத்தவை.

ஆனால் பெரும்பாலான வங்கிகளைக் கொல்வது கம்ப்ரஸர் இல்லை, காசு. ஃப்ரீசர் வாங்க கிரான்ட் கிடைக்கும், ரிப்பன் வெட்ட ஆள் வரும். 12-ஆம் வருடத்துக் கம்ப்ரஸருக்கு யார் கிரான்ட் கொடுப்பார்? சிங்கப்பூரில் 2002-ல் அரசுப் பணத்தில் தொடங்கிய திசு வங்கி பத்து வருடம் போல ஓடி மூடப்பட்டது. மாதிரி கேட்கும் ஆய்வாளரிடம் கட்டணம் வாங்கலாம்தான், ஆனால் அதிகம் கேட்டால் வரமாட்டார், குறைத்துக் கேட்டால் பில்லுக்குக் காணாது. பல்கலைக்கழக நூலகத்தை யாரும் மூன்று வருட கிரான்டில் நடத்துவதில்லை. இதுவும் அந்தக் கணக்கில் வர வேண்டியது என்பது என் கட்சி.

பினாங்கில் பிறந்த யுஎஸ்எம் வேறு வழியில் போனது. அதன் குபாங் கெரியான் மருத்துவ வளாகத்தில் 1991-ல் வந்த திசு வங்கி ஆய்வுக்காக இல்லை, அறுவைச் சிகிச்சைக்காக. பனிக்குடச் சவ்வு, எலும்பு இவற்றைக் காயவைத்து, காமா கதிரால் கிருமி நீக்கி, ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறார்கள். காய்ந்த சவ்வுக்கு மைனஸ் 80 வேண்டியதில்லை. அதைக் கேட்டு ஆஸ்பத்திரிகளும் வந்துகொண்டே இருக்கும்.

ஆய்வு வங்கிக்கு அந்த வசதி கிடையாது. யுகேஎம் நடத்தும் மலேசியன் கோஹார்ட் 2006-லிருந்து 2012 வரைக்கும் 35 முதல் 70 வயது வரை 1,06,527 பேரைச் சேர்த்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். 2006-ல் 50 வயதில் கை நீட்டியவர் இன்று எழுபதை ஒட்டி இருப்பார். இதற்குள் சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் புற்றுநோய். நோய் வரும் முன்னே எடுத்த அவர்களுடைய ரத்தம் செராஸில் உறைந்து கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அந்தக் குழாயின் மதிப்பு ஏறுகிறது, பெட்டியின் வயசும்தான்.