சூரத்தின் சதேலிப் பெட்டிகள்

புதுச்சேரியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு சூரத் புதிய பெயர் அல்ல. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் தன் முதல் பண்டசாலையை 1668-இல் அங்கேதான் திறந்தது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். 1701-இல் கம்பெனியின் தலைமையிடமும் சூரத்திலிருந்து புதுச்சேரிக்கு மாறியது. அந்த சூரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஒரு மரவேலைதான் சதேலி.

சதேலிப் பெட்டியின் மேல் நுணுக்கமான நட்சத்திரங்களும் அறுகோணங்களும் வரிசையாக இருக்கும். பார்ப்பவர்கள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பதித்ததாக நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரே வடிவம் வரும். சதேலியின் ரகசியமும் இதுதான்!

கருங்காலி, சந்தனம், தந்தம், பச்சைச் சாயம் ஏற்றிய கொம்பு, வெள்ளீயம் ஆகியவற்றை முதலில் மெல்லிய நீளக் குச்சிகளாகச் சீவுவார்கள். பல குச்சிகளின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருக்கும். கருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, வெள்ளைக்குப் பக்கத்தில் பச்சை என்று அடுக்கி, பசை தடவி, இறுகக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தக் காலத்துப் பசை, நம்மூர்த் தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரத்தைப் போன்ற விலங்குப் பசை. கட்டு காய்ந்ததும் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். குச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் அந்தக் கட்டிலிருந்து வரும் எல்லா வில்லைகளிலும் அதே குறை தெரியும். அதனால் ஒட்டும்போது மிகுந்த திறமை தேவைப்பட்டது.

இந்தக் கலை பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து சிந்து வழியாக சூரத்துக்கும் பின்பு பம்பாய்க்கும் வந்தது என்று சொல்லப்படுகிறது. ஈரானில் இதே முறைக்கு காதம் என்று பெயர். இங்கே பார்சிகள் இதில் சிறந்து விளங்கினார்கள். அவர்களிடையே உள்ள 'பேட்டிகரா' என்ற குடும்பப் பெயருக்கே பெட்டி செய்பவர் என்றுதான் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் 'பம்பாய்ப் பெட்டி' என்ற பெயரில் இவை இங்கிலாந்துக்கு ஏராளமாக ஏற்றுமதியாயின.

அந்த வெள்ளை நிறத்துக்கு யானைகள் கொடுத்த விலை அதிகம். 1986-இல் இந்திய யானைத் தந்த வணிகம் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் அந்தத் தடை நீண்டது. தடை சரியானதுதான். ஆனால் தந்தத்தை நம்பியிருந்த கைவினைஞர்களின் கதி?

இதற்கு விடை இங்கிலாந்திலேயே இருந்தது. 1830-களில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பகுதித் தச்சர்கள் இதேபோல் குச்சிகளை ஒட்டி அறுத்துப் பெட்டிகளை அலங்கரித்தார்கள். அவர்கள் தந்தத்தைத் தேடவில்லை. வெவ்வேறு நிற மரங்களே போதுமானதாக இருந்தன. கருப்பு மரத்தை ஒட்டி வெளிர் மரம் வந்தாலே கோலம் எழுந்துவிடும்.

சூரத்தில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய கைவினைஞர்களே சதேலி செய்கிறார்கள். தந்தம் இருந்த இடத்தில் இப்போது வெளிர் மரமும் எலும்பும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. யானையைக் கொல்லாமலும் இந்தக் கலை வாழ முடியும். அதற்குத் தேவை இதைக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள்தான்.