பத்து வெள்ளியும் பக்கத்துத் தோட்டமும்

பிறருக்கு உதவுவது பணம் படைத்தவர்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். "நமக்கே போதவில்லை; இதில் ஊருக்கு எங்கே கொடுப்பது?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் தோட்டப்புற மக்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு நம் முன்னோரே பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பது தெரியவரும். அந்தப் பதிலைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போகிறவர்கள் அங்குள்ள பெரிய சாலையை அறிவார்கள். முன்னாளில் அது பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றே வழங்கியது. இன்று அதன் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். பூமாலை வாங்கவும் புடவை எடுக்கவும் போகிற நாம் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். துன் வீ. தி. சம்பந்தன் நாட்டின் சுதந்திரக் காலத் தலைவர்களில் ஒருவர், பல ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்து லயங்களில் அவர் பெயர் நிலைத்ததற்குப் பெரிய காரணம் ஒரு பத்து வெள்ளி நோட்டு. அதன் கதையைச் சொல்லுமுன் இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பக்கத்து வீட்டுத் துன்பத்தில் பங்கு கொள்ளும் குணம் நம் மக்களிடம் திடீரென்று வந்ததன்று. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் முதலியோர் தொழிலாளர்களுக்கு வழிகாட்டினர். அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. கூலி உயர்வு கேட்டார்கள். அது எல்லாரும் கேட்பது. அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். மருத்துவ வசதி வேண்டும் என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும் என்றார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள்.

கூலி கேட்பவன் தன் வீட்டு அடுப்புக்காகக் கேட்கிறான் என்று சொல்லலாம். கள்ளுக்கடையை மூடு என்று கேட்பவன் யாருக்காகக் கேட்கிறான்? குடித்துவிட்டு வரும் கணவனுக்காகக் காத்திருக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக, அவள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறான். அன்றைய ஆட்சி இதற்குக் கொடுத்த மறுமொழி கடுமையானது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். போராட்டம் அடக்கப்பட்டாலும் அதிலிருந்த பொறுப்புணர்ச்சி அடங்கவில்லை.

அடுத்த சோதனை வேறு உருவத்தில் வந்தது. யுத்தம் முடிந்து, 1950-ஆம் ஆண்டுகளில் நாடு சுதந்திரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த காலம். எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய வெள்ளைக்கார முதலாளிகள் சிலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் வியாபாரிகள். அவர்கள் ஒரு பெரிய தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொருவருக்கு இலாபத்தில் விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம்.

நிலம் கைமாறினால் நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அரசாங்கக் கணக்கில் அது தோட்டம். அதற்குக் குறைந்தால் சிறு நிலவுடைமை. தோட்டம் என்றால் தொழிலாளர்களுக்கு லயம், தண்ணீர், மருந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சில கடமைகள் முதலாளிக்கு உண்டு. பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு அந்தக் கடமைகள் எதுவும் இல்லை. அவன் தன் குடும்பத்தாரை வைத்தோ, குத்தகைக்கு ஆள் பிடித்தோ பால் வெட்டிக்கொள்வான். ஆக, தோட்டம் துண்டாகும்போது மரமும் மண்ணும் அங்கேயே இருக்கும். மனிதன்தான் வெளியே போகவேண்டும். வேலை போன அன்றே வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு சாலை ஓரத்தில் நின்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் அறிஞர் உங்கு அஜீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பெரிய நூலாகவே எழுதினார் என்றால், அது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பது விளங்கும்.

இதற்கு என்ன பரிகாரம்? மனு எழுதலாம், கூட்டம் போடலாம். அவையும் நடந்தன. ஆனால் விற்பவனுக்கு விற்க உரிமை இருந்தது, வாங்குபவனிடம் பணம் இருந்தது. சம்பந்தன் வேறு வழி கண்டார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால், அதைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது? இந்த எண்ணத்தில் 1960-இல் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்டத் தொழிலாளியால் முடியாது. ஆகவே மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம் என்று வகுத்தார்கள்.

இப்போது பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதாமல் இருக்கலாம். அன்றைக்கு அது அப்படியில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் நின்று, வரிசை வரிசையாக மரம் வெட்டி, வாளி சுமந்து பல நாள் உழைத்தால்தான் பத்து வெள்ளி. கடைக்கணக்கும் பிள்ளையின் சட்டையும் அதற்காகக் காத்திருந்தன. அந்தப் பணத்தை, முன்பின் பழக்கமில்லாத ஒரு சங்கத்தை நம்பிக் கொடுப்பதென்றால் மனம் துணியவேண்டும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கினார். அவர் தந்தை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து பேராக்கிற்கு வந்து உழைத்து, சுங்கை சிப்புட்டில் தோட்ட முதலாளியாக உயர்ந்தவர். தந்தை வழி வந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுப்பணிக்காகவே விற்றவர் மகன். கேட்பவர் தம்முடையதைக் கொடுத்தவர் என்பது தெரிந்தால், கொடுப்பவரின் கையும் நீளும்.

சங்கம் முதன்முதலாக 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் என்ற தோட்டத்தை வாங்கியது. நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். பங்கு கட்டியவர்கள் நாடெங்கும் இருந்த தொழிலாளர்கள். வாங்கிய தோட்டமோ கெடாவில் இருந்தது. சிலாங்கூரில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கட்டிய பணத்தால் அவர் லயத்தின் கூரையில் ஒரு தகரம்கூடப் புதிதாக ஏறவில்லை. எங்கோ வடக்கே, முகம் தெரியாத ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யாமல் பிழைத்தது. இன்று என் தோட்டத்திற்கு ஆபத்தில்லை, பக்கத்துத் தோட்டத்திற்கு ஆபத்து வந்திருக்கிறது, நாளைக்கு எனக்கும் வரலாம், ஆகவே என் பத்து வெள்ளி இன்றே போகட்டும் என்று நினைத்த மனம் இருக்கிறதே, அதைத்தான் சமூகப் பொறுப்பு என்கிறோம்.

பிச்சையிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனிக்கவேண்டும். பிச்சையில் கொடுப்பவன் மேலே நிற்கிறான். வாங்குபவன் கீழே நிற்கிறான். கூட்டுறவில் இருவரும் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள். உதவி பெற்றவரும் பங்குக்காரர், உதவி செய்தவரும் பங்குக்காரர். நேற்றுவரை துரையின் தோட்டத்தில் கூலியாக இருந்தவர், தம் வர்க்கத்தாரின் சொந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து வேலைக்குப் போனார்.

இந்த முறை உலகத்திற்குப் புதியதன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் 1844-இல் இருபத்தெட்டுப் பேர் கூடினார்கள். பெரும்பாலும் நெசவு முதலிய தொழில் செய்த ஏழைகள். கடைக்காரன் கலப்பட மாவை அதிக விலைக்கு விற்ற காலம் அது. வாரந்தோறும் சில்லறை சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண்டு முதல் போட்டு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுத்தான் என்று விதி செய்தார்கள். உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் அந்த விதியைத்தான் பின்பற்றுகின்றன. மலாயாவிலும் 1922 முதலே கூட்டுறவுச் சங்கங்கள் பதிவாகி வந்தன. சிறு துளி பெரு வெள்ளம் என்று நாம் சொல்வதை அவர்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள்.

கெடாவில் தொடங்கிய சங்கம் பிறகு பல தோட்டங்களை வாங்கியது. தலைநகரில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. விஸ்மா துன் சம்பந்தன் என்று அதற்குப் பெயர். துன் சம்பந்தன் 1979-இல் மறைந்தார். அவருக்குப் பின் துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுத் தாங்கினார். ஒருவர் போனபின்பும் ஒரு காரியம் நடக்கிறதென்றால், அது பலருடைய காரியமாக ஆகிவிட்டது என்று பொருள்.

உதவி என்றால் பணம் மட்டும்தானா? இல்லை என்பதற்கும் நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. கோலாலம்பூரிலிருந்து பூச்சோங் போகும் சாலையில் சுத்த சமாஜம் இருக்கிறது. ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தர் நிறுவிய அமைப்பு அது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு அங்கே உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைத்தன. 1961-இல் சுவாமிகள் மறைந்தபின் அன்னை மங்களம் அப்பொறுப்பைச் சுமந்தார். பெற்ற தாயில்லாத குழந்தைகளுக்குத் தாயாக நின்று, 2023-இல் தமது 97-ஆம் வயதில் மறையும்வரை அவர் அந்தத் தொண்டை விடவில்லை. அவர் கொடுத்தது தம் வாழ்நாளை.

வாழ்நாள் முழுவதையும் கொடுக்க எல்லாராலும் இயலாது. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் எல்லாரிடமும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுப்பது, பிரசவமான பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது, படிப்பில் பின்தங்கிய பிள்ளையை நம் பிள்ளையோடு உட்காரவைத்துப் பாடம் சொல்வது ஆகியவையும் அந்தப் பத்து வெள்ளிக்குச் சமமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. 1986-இல் நம் நாட்டில் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டன. லட்சக்கணக்கான மக்களின் சேமிப்பு முடங்கிக் கிடந்தது. நிர்வாகச் சீர்கேடே அதற்குக் காரணம். ஆகவே எந்தச் சங்கமானாலும், கோவில் கமிட்டியானாலும், மரண உதவி நிதியானாலும் ஆண்டுக் கூட்டத்திற்குப் போகவேண்டும். கணக்கைக் கேட்கவேண்டும். கேட்பது அவமரியாதை ஆகாது. நேர்மையாக நடத்துகிறவருக்கு அது துணை. தாத்தா பாட்டி கட்டிய பங்குக்கான பத்திரம் பெட்டியின் அடியில் கிடந்தால், அதை எடுத்து, வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும். அவர்கள் பட்டினி கிடந்து கட்டிய பணம் கேட்பாரற்றுப் போவது நியாயமில்லை.

துண்டாடல் காலம் போய்விட்டது. தோட்டம் மறையும் காலம் போகவில்லை. பிராங் புசார் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் 1990-ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயா என்ற நிர்வாகத் தலைநகர் எழுந்தது. பழைய புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் விளையாட்டரங்கங்கள் நிற்கின்றன. கிள்ளான் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. அங்கிருந்த நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். லயத்தில் ஒரு வீட்டில் அழுகை கேட்டால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் எதிர்வீட்டுத் துன்பம் காதில் விழுவதில்லை. வீடு மாறலாம், அந்தப் பழக்கம் மாறக்கூடாது.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே! "நமக்கே போதவில்லை" என்ற பேச்சு அடுத்த முறை நம் வீட்டில் எழும்போது, கையில் ரப்பர்ப்பால் பிசுக்கோடு பத்து வெள்ளியை நீட்டிய அந்த மனிதர்களை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்கும் போதவில்லை. போதாத அந்தப் பணத்திலிருந்துதான் பக்கத்துத் தோட்டத்துக்காரனின் வீட்டைக் காத்தார்கள். நம் மாதச் செலவுக் கணக்கில் அரிசிக்கு ஒரு வரி, மின்சாரத்திற்கு ஒரு வரி எழுதுவதுபோல், அடுத்தவருக்கென்றும் ஒரு வரி எழுதிவைப்போம். தொகை சிறியதாகவே இருக்கட்டும். மாதம் தவறாமல் இருக்கட்டும்.