எண்ணெய் ஊறின மண்ணுக்கும் ஒரு படிப்பு இருக்கு... லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கலாமா?

'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரா? பார்க்ல புல்லு வளர்க்கிறதுதானே!' என்று கேட்கிறவங்களை ஒருநாள் தண்டையார்பேட்டைக்குக் கூட்டிட்டு வரணும். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு, இடையில கேப்டன் காட்டன் கால்வாய். 2013-ல் எரிபொருள் குழாய் கசிஞ்சு, இங்கே சில தெருக்கள்ல நிலத்தடி நீர்லயே எண்ணெய் கலந்தது. அந்த மண்ணை என்ன செய்யலாம், மழைத்தண்ணி எங்கே வடியும், உப்புக்காத்துல எந்த மரம் பிழைக்கும்... இதுக்கெல்லாம் வரைபடத்தோட பதில் தேடுறதுதான் இந்தப் படிப்பு.

அமெரிக்காவின் சியாட்டில்ல, நிலக்கரியிலிருந்து கேஸ் எடுத்த ஆலை ஒன்று 1956-ல் மூடப்பட்டது. ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர் பழைய டவர்களை இடிக்காம அப்படியே விட்டு, அதைச் சுத்திப் பூங்கா அமைச்சார். மண்ணுல இருந்த எண்ணெயை நுண்ணுயிரிகள் தின்னட்டும்னு மட்கும் கழிவுகளைக் கலந்து உழுதாங்க. 1975-ல் 'கேஸ் ஒர்க்ஸ் பார்க்' திறந்தாச்சு. மாசு முழுசா போயிடலை, சுத்தம் செய்ற வேலை பிறகும் தொடர்ந்தது. ஆனா, ஆலை இருந்த இடத்துல குழந்தைங்க பட்டம் விடுறாங்க.

சரி, எப்படிச் சேர்றது? முதல்ல 5 வருஷ பி.ஆர்க். அப்புறம் 2 வருஷ முதுகலை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப் இருக்கு. தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா, மாறாம கிண்டியில இறங்கலாம்! தமிழ்நாட்டு இடங்களுக்கு 'சீட்டா பி.ஜி' தேர்வு அல்லது கேட் மதிப்பெண் வேணும். வெளியே போறதா இருந்தா டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ-க்கள், அகமதாபாத் செப்ட். டெல்லியில 1972-லேயே ஆரம்பிச்சுட்டாங்க. கேட் தேர்வுல 'ஏ.ஆர்' தாளை எடுக்கணும். அதுல எல்லாருக்கும் பொதுவான பகுதியிலேயே நகர்ப்புற வடிவமைப்பும் லேண்ட்ஸ்கேப்பும் வரும்.

அர்பன் டிசைன்ங்கிறது பக்கத்து வீடு மாதிரி. அது தெரு, கட்டடம், நடுவுல மக்கள் கூடுற இடம்னு ஆரம்பிக்கும். இது மண், தண்ணி, மரத்துல இருந்து ஆரம்பிக்கும்.

முதல் சம்பளத்தை ஐ.டி நண்பர்களோட ஒப்பிட்டா கடுப்பாகும், அதை மறைக்க வேண்டாம். ஆனா வேலைக்கான தேவை கண்முன்னாடியே இருக்கு. 2024 மார்ச்ல 4,181 கோடி ரூபாய் மதிப்புல வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்குச்சு. இந்த ஏரியாவுல வளர்ந்தவங்க அந்த வரைபட மேசையில எத்தனை பேர் இருப்பாங்கங்கிறதுதான் கேள்வி.

பி.ஆர்க் கடைசி வருஷத்துல இருக்கீங்களா? தீசிஸுக்கு வெளிநாட்டு ரிவர்ஃபிரன்ட் வேண்டாம், கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையை எடுங்க. மழை கொட்டுற அன்னிக்கு ஒரு தடவை, மே மாச மத்தியானம் ஒரு தடவை நடந்து பார்த்து வரைங்க. சில கல்லூரிகள் போர்ட்ஃபோலியோவும் கேட்பாங்க, அதுலயும் இதையே வைக்கலாம்.