கணினிப் பாகங்களின் மறுபயன்பாடு

பழுதாகி நின்றுபோன கணினியில் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் பாகங்களைக் கழற்றி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்றில் பொருத்தி, அதன் வேகத்தையோ கொள்ளளவையோ கூட்டிக்கொள்வது கணினிப் பழுதுபார்ப்பில் நெடுநாள் வழக்கம். பாகம் தரும் இயந்திரத்தை சர்வீஸ் கடைகளில் 'டோனர்' என்பார்கள். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் ஆகிய சந்தைகளில் கழற்றிய பாகங்களுக்கென்றே கடைகள் உண்டு. வீட்டில் இதைச் செய்கிறவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டோனர் எதனால் செத்தது, அதன் பாகங்கள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனியின் பெட்டியில் போய் உட்காருவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே பெரும்பாலும் அதைக் கட்டியிருந்தது. உள்ளே ஐந்து விரிவாக்க ஸ்லாட்டுகள் இருந்தன. சுற்று வரைபடங்களையும் கணினியைத் துவக்கும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேடாகவே அச்சிட்டு விற்றது. பயாஸுக்கு மட்டும் பதிப்புரிமை இருந்தது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலை நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் வேறொரு பயாஸைப் புதிதாக எழுதி, 1982 இறுதியில் ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. அதன் பிறகு வந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே அச்சில் வார்த்த பாகங்களைச் செய்யத் தொடங்கின. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டின் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த இணைப்பான் வழியாக வர வேண்டும் என்பது வரை வரையறுத்தது. நம் ஊரில் 'அசெம்பிள்டு சிஸ்டம்' என்ற பேச்சே இந்த ஏற்பாட்டினால் வந்ததுதான்.

டோனரின் மரணம்

'ஆன் ஆகவில்லை' என்று ஒதுக்கப்படும் கணினிகளில் ஒரு பகுதி உண்மையில் சாகவே இல்லை. ராமின் தங்க முலாம் பூசிய தொடுமுனையில் அழுக்கு படிந்தாலே திரை வராது; பீப் சத்தம் மட்டும் கேட்கும். ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்ப மாட்டுவதுதான் எந்த சர்வீஸ்காரரும் செய்யும் முதல் வேலை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி, நேரம் பழையபடி தவறிப்போகும் இயந்திரத்துக்கு சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். டோனர் என்று முடிவுகட்டும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. மிச்சமாவது ஒரு முழுக் கணினியாகவே இருக்கக்கூடும்.

உண்மையாகவே செத்தது என்றால், எப்படிச் செத்தது என்பதுதான் பாகங்களின் மதிப்பை முடிவுசெய்கிறது. திரை உடைந்த, கீல் முறிந்த, காபி கொட்டி விசைப்பலகை கெட்ட மடிக்கணினிகள் நல்ல டோனர்கள். ராமும் டிஸ்கும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அது முதுமைச் சாவு. மற்ற பாகங்களுக்குப் பாதிப்பு குறைவு. சுமார் 1999 முதல் 2007 வரை தரக்குறைவான மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் போர்டுகளுக்குள் போய்விட்டன. அக்காலத்துப் போர்டுகளைத் திறந்தால் இந்த உப்பிய தலைகள் இன்றும் கண்ணில் படும். மின்னல் இறங்கியோ, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். வெடித்தோ நின்ற கணினி வேறு வகை. அதில் எந்தப் பாகம் பிழைத்தது என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட டோனரின் பாகத்தை நேராக நல்ல கணினியில் மாட்டுவது, ஒன்று கெட்டதற்கு இரண்டாகக் கெடுத்துக்கொள்ளும் வழி.

ராம்

மறுபயன்பாட்டில் மிக எளிதாக இடம் மாறுவது ராம். தலைமுறை ஒத்துப்போனால் மட்டும். மேசைக் கணினிக்கான பழைய எஸ்.டி.ராமில் 168 தொடுமுனைகள், டி.டி.ஆரில் 184, டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டிலும் 240, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டின் இடம் வேறு. தவறான தலைமுறை ஸ்லாட்டில் இறங்கக் கூடாது என்பதற்கே அந்த வெட்டு. இறங்கவில்லை என்றால் அழுத்தக் கூடாது. மின்னழுத்தமும் தலைமுறைதோறும் இறங்கிவந்திருக்கிறது: டி.டி.ஆருக்கு 2.5 வோல்ட், அடுத்து 1.8, 1.5, 1.2, டி.டி.ஆர்.5-க்கு 1.1.

வெட்டு ஒத்துப்போன பிறகும் சில சிக்கல்கள் உண்டு. டி.டி.ஆர்.3-இலேயே 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' வகை இருக்கிறது. அதை 1.5 வோல்ட் ஸ்லாட்டில் போட்டால் ஓடும்; ஆனால் 1.35 மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராம் வேலை செய்யாது. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். அதனால் கெடுதல் இல்லை. சர்வரிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ராம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், சாதாரண மேசைக் கணினியில் ஓடாது. மலிவின் காரணமே அதுதான். இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள பழைய போர்டுகளுக்கு இன்னொரு குணம். 4 ஜி.பி. ராமில் 16 சில்லுகள் இருந்தால் ஏற்கும். அதே 4 ஜி.பி. எட்டுச் சில்லுகளில் வந்தால் பொதுவாக அடையாளம் காணாது. ராம் கெட்டுவிட்டது என்று பலர் திருப்பிக் கொடுத்த கதை இது. கெட்டதா நல்லதா என்று அறிய மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டு வேண்டாம்.

32 பிட் விண்டோஸ் போட்ட கணினியில் 8 ஜி.பி. மாட்டியும் 3 ஜி.பி. சொச்சமே தெரிந்தால் ராமைக் குறைசொல்லக் கூடாது. அந்த இயங்குதளத்தின் எல்லை 4 ஜி.பி.; அதிலும் ஒரு பகுதி மற்ற சாதனங்களின் முகவரிக்குப் போய்விடும்.

டிஸ்க்

பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி ப்ராசசர் அல்ல, ஹார்டு டிஸ்க்தான் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. தேவையான இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று; அதற்குமுன் தலை நகரவும் நேரம் வேண்டும். ஆகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு என்ற அளவில்கூட அதனால் எட்டிப் பிடிக்க முடிவதில்லை. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் எட்டிப் பிடிக்கிறது. செத்த மடிக்கணினியில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. இருந்தால், அந்த ஒரு பாகத்துக்காகவே அதைத் திறப்பது தகும்.

2003-இல் வந்த சாட்டா இணைப்பின் மூன்று தலைமுறைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பழைய போர்டின் சாட்டா 2 வழியாக நொடிக்குச் சுமார் 300 மெகாபைட் வரைதான் போகும், புதிய எஸ்.எஸ்.டி.யால் 550 முடியும். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அன்றாடப் பயன்பாட்டில் உணரப்படும் வேகம் மேற்சொன்ன சிறு கோப்புகளில் இருக்கிறது. பபுள்கம் பட்டை போல் இருக்கும் எம்.2 வகையில் மட்டும் எச்சரிக்கை தேவை. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே சாட்டா மொழி பேசுவன உண்டு, என்.வி.எம்.இ. மொழி பேசுவன உண்டு. இரண்டாம் வகையை மலிவான அடாப்டர் கார்டு மூலம் பழைய போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டிவிடலாம். ஆனால் அதிலிருந்து பூட் ஆக பயாஸின் ஒத்துழைப்பு வேண்டும். பல பழைய போர்டுகளில் அது கிடையாது. அப்போது அது கோப்பு வைக்கும் இடமாக மட்டும் பயன்படும்.

இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை பழைய எம்.பி.ஆர். பிரிப்புமுறையில் முழுதாகப் பயன்படுத்த முடியாது. அதற்கும் முந்தைய ஐ.டி.இ. காலப் போர்டுகள் சில 137 ஜி.பி.க்கு மேல் பார்ப்பதில்லை. 28 பிட் முகவரியின் எல்லை அது.

கழற்றிய டிஸ்கின் உடல்நிலையை 'ஸ்மார்ட்' பதிவு சொல்லும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். அவை பூஜ்யமாக இருந்து, ஓடிய மணிநேரம் மட்டும் பல்லாயிரம் என்றால் பயப்பட வேண்டாம். பூஜ்யம் இல்லையென்றால் முக்கியமான எதையும் அதில் நம்பி வைக்கக் கூடாது.

டிஸ்கில் முந்தைய வாழ்க்கையும் கூடவே வருகிறது. பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க், சாவியைப் பழைய போர்டின் டி.பி.எம். சில்லில் விட்டுவிட்டு வந்திருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. விண்டோஸ் உள்ள டிஸ்கை அப்படியே வேறு கணினியில் மாட்டினால் சில நேரம் நீலத்திரை காட்டி நிற்கும். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது என்பதால் அது டிஸ்கோடு இடம்பெயராது. லினக்ஸ் இந்த விஷயத்தில் தாராளம். பெரும்பாலும் புது வீட்டில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு

ப்ராசசரை மாற்றுவது கேட்க ஆசையாக இருக்கும், நடப்பது குறைவு. ஓர் உதாரணம்: 2014 வாக்கில் வாங்கிய நான்காம் தலைமுறை இன்டெல் கணினி செத்துவிட்டது, 2011-இல் வாங்கிய இரண்டாம் தலைமுறைக் கணினி ஓடுகிறது. ராம் இரண்டிலும் டி.டி.ஆர்.3, அது மாறும். எஸ்.எஸ்.டி. மாறும். ப்ராசசர் மாறாது. நான்காம் தலைமுறையின் சாக்கெட் எல்.ஜி.ஏ.1150, இரண்டாம் தலைமுறையினது எல்.ஜி.ஏ.1155. அந்த எண் தொடுமுனைகளின் எண்ணிக்கை. பெரிய எண் புதியது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த 1155 போர்டுக்கு, பயாஸ் புதுப்பித்தால், மூன்றாம் தலைமுறை ப்ராசசர்தான் பொதுவாகக் கடைசிப் படி. எல்.ஜி.ஏ.1151 இன்னும் மோசம்: பெயர் ஒன்றே என்றாலும், ஆறு, ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை ஓடாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் மட்டும் 2016 தொடங்கிப் பல தலைமுறைகளைத் தாங்கியது. எதைக் கழற்றினாலும் வெப்பக் களிம்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கிராபிக்ஸ் கார்டு பழைய ஸ்லாட்டிலும் ஓடும். பார்க்க வேண்டியது மின்சாரம். ஸ்லாட் 75 வாட் தரும், 6 முனை இணைப்பான் 75, 8 முனை 150. டோனரின் கார்டு தனி இணைப்பான் கேட்டால், அந்த அளவுக்குப் பெறுநரின் எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்பதே கேள்வி.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையே டோனரிலிருந்து எடுக்கலாமா? எடுக்காமல் இருப்பது உத்தமம். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. டோனரைக் கொன்றது இதுவாகவே இருக்கலாம். பிராண்டட் அலுவலகக் கணினிகள் பலவற்றில் இணைப்பானே ஏ.டி.எக்ஸ். அல்ல, சொந்த வடிவம். கேபிள்களைத் தனியே கழற்றும் மாடுலர் வகையில், ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் சரியாகப் போய் மாட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். இப்படி நொடியில் எரிந்த டிஸ்குகள் ஏராளம். சாகசமாக எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறப்பதும் வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

மடிக்கணினி

மடிக்கணினியில் பாகங்கள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், அதே மாடல் டோனர் கிடைப்பதே பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுக்கு இந்த வசதி தானாகவே அமைந்தது. ஒரே மாடல் ஒரே வட்டாரத்தில் ஏராளமாக இருந்ததால், ஒன்றின் விசைப்பலகை இன்னொன்றுக்கு உதவியது. திரையில் எல்.வி.டி.எஸ்., இ.டி.பி. என்று இரண்டு இணைப்பு வகைகள் உண்டு. அங்குலம் ஒன்றாக இருப்பது போதாது, இணைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ராமைப் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுகிறார்கள், சிலவற்றில் சேமிப்பகத்தையும். அவற்றிலிருந்து கையால் கழற்றி எடுக்க மிச்சம் ஏதுமில்லை. 'சிப் லெவல்' சர்வீஸ் தெரிந்தவர்கள் மட்டும் சூடான காற்றால் சில்லுகளை எடுத்து வேறு போர்டுக்கு மாற்றுகிறார்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. எனவே பாகம் மாற்றி உயிர்ப்பித்த பழைய கணினிகளுக்கு இனி லினக்ஸ்தான் நடைமுறை வழி.

மிச்சம்

உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. சார்பு அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை. நல்ல பாகங்களை எடுத்த பிறகு மிஞ்சும் போர்டைக் காயலான் கடையில் போட்டால், அது திறந்த வெளியில் எரிக்கப்படவோ தங்கத்துக்காக அமிலத்தில் முக்கப்படவோ வாய்ப்புண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய மின்கழிவு விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அது போய்ச்சேர வேண்டும் என்கின்றன.

மடிக்கணினி பேட்டரிகளுக்குள்ளும் உயிர் மிச்சமிருக்கும். 2014-இல் ஐ.பி.எம்.மின் இந்திய ஆய்வுப் பிரிவு, எறியப்பட்ட மடிக்கணினி பேட்டரிகளின் நல்ல செல்களைப் பிரித்தெடுத்து 'ஊர்ஜார்' என்ற விளக்குக் கருவியைச் செய்து பெங்களூரில் சோதித்தது. எறியப்படும் பேட்டரிகளில் 70 சதவீதத்துக்கு, ஓர் எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓராண்டு எரியவைக்கும் ஆற்றல் இருப்பதாக அக்குழு கண்டது. அது கருவிகளும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. வீட்டில் டோனரைத் திறக்கும்போது பேட்டரி ஊதியிருப்பதைக் கண்டால், குத்தாமல், அழுத்தாமல், சார்ஜில் போடாமல் அன்றே மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.